சர்வேயரைக் கவிழ்த்த மேல்கயிறு

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். முதுகுவலிக்காரரான என் சர்வேயரை ஒரே வாரத்தில் இரண்டு முறை சதுப்புத் தண்ணீரில் கவிழ்த்தவன் நான்தான். கயிற்றைப் பற்றி எனக்கு எல்லாம் தெரியும் என்று யாரும் கேட்காமலே சொன்னவனும் நான்தான்.

எண்பதுகளின் தொடக்கம். மலேசியாவின் தஞ்சோங் காராங் வயல்களுக்குப் பின்னால் இருந்த சதுப்புக் காட்டில் எல்லைக்கோடு அளந்துகொண்டிருந்தோம். சர்வேயர் சிவலிங்கம், அவருக்கு இரும்பு அளவுநாடா பிடிக்கும் செயின்மேன்கள் நாங்கள் மூவர். சாருக்கு டிஸ்க் நழுவிய முதுகு. மத்தியானம் அரை மணி நேரம் படுத்தால்தான் அப்புறம் தியோடலைட் கருவியில் குனிந்து கோணம் பார்க்க முடியும். தரையிலோ கணுக்கால் வரை கறுப்புத் தண்ணீர். "தொங்குபடுக்கை கட்டித் தர்றேன் சார்" என்று முந்திக்கொண்டேன்.

1. விறைப்பு

எங்கள் தொழிலில் தொய்வு என்பது பெரும் பாவம். நாடா தொய்ந்தால் அளவு தப்பும். அதனால் ஸ்பிரிங் பேலன்ஸ் மாட்டி இழுத்துப் பிடிப்போம். அதே பழக்கத்தில் பத்தடிக் கித்தான் படுக்கையையும் இரண்டு மரங்களுக்கு நடுவே இழுத்துக் கட்டினேன். பலகை மாதிரி நின்றது. கூட வேலை செய்த முனியாண்டி அதைச் சுண்டிப் பார்த்தான்.

"டேய் மணியம், சார் இதுல படுக்கணுமா, நடக்கணுமா?"

சார் ஏறிப் படுத்தார். படுக்கை ஒரு சுழற்று சுழன்று அவரை மறுபக்கம் இறக்கிவிட்டது.

2. வெள்ளைக் கயிறு

படுக்கைக்குத் தொய்வு வேண்டும். எந்த மரங்களுக்கு நடுவே கட்டினாலும் அந்தத் தொய்வு மாறவும் கூடாது. அதற்குத்தான் மேல்கயிறு: படுத்திருப்பவரின் தலைக்கு மேலாகப் போய், படுக்கையின் இரண்டு நுனிகளையும் இணைக்கும் கயிறு. பத்தடிப் படுக்கைக்கு எட்டடி நாலங்குலம் விட்டால் உடம்பு சுகமாகப் பதியும். ஆளுக்கு ஆள் கூட்டிக் குறைக்க, கயிற்றின் ஒரு நுனியைப் படுக்கையின் நுனி வளையத்தில் விட்டு மடக்கி, வேறொரு துண்டுக் கயிற்றால் மேல்கயிற்றிலேயே மூன்று சுற்று சுற்றிப் பிணைக்க வேண்டும். கையால் தள்ளினால் சுற்று நகரும். பாரம் ஏறினால் கவ்விக்கொள்ளும்.

கவ்வியிருக்கும், கட்டியவன் நானாக இல்லாவிட்டால். மிருதுவாக இருக்கிறதே என்று வெள்ளை நைலான் வாங்கினேன். பார்க்க ஒழுங்காக இருக்கட்டும் என்று சுற்றுக்கும் அதே பருமனில் போட்டேன். காலையில் மழை. நனைந்த நைலான் பாரம் ஏறியதும் நீண்டது. ஒரே பருமன் என்பதால் சுற்றும் வழுக்கியது. மேல்கயிறு நீளமாகிப் படுக்கை பழையபடி விறைத்தது. சார் பழையபடி தண்ணீரில்.

எழுந்து கண்ணாடியைத் துடைத்தார். "மணியம், இன்னொரு தடவ விழுந்தேன்னா வேலைய வேற பார்ட்டிக்கு விட்டுட்டு வீட்டுக்குப் போயிடுவேன். நீங்க மூணு பேரும் பழையபடி தோட்டத்து மண்டோர் முன்னாடி கூலி வேலைக்குப் போய் நில்லுங்க லா."

முனியாண்டி என்னைப் பார்த்த பார்வையில் சோறு வெந்திருக்கும்.

3. எழுபத்தைந்து கிலோ மீன்

கோலா சிலாங்கூரில் மீன்வலை விற்கும் சீனப் பெண்மணியின் கடைக்குப் போனேன். "என்ன மீனுக்கு?" என்று மலாயில் கேட்டார்.

"எழுபத்தஞ்சு கிலோ. கண்ணாடி போட்டது" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. "நனைஞ்சா நீளக்கூடாதா?" என்று மட்டும் கேட்டுவிட்டு, பின்னிய பாலியஸ்டர் கயிற்றை எடுத்துப் போட்டார். மேல்கயிற்றுக்கு ஆறு மில்லிமீட்டர் வாங்கினேன். சுற்றுக்கு அதில் பாதி.

இந்த முறை கயிற்றை வாளியில் ஊறவைத்துக் கட்டி, முதலில் நானே படுத்தேன். முனியாண்டியை என் மேல் உட்காரச் சொன்னேன். அவன் சந்தோஷமாக இரண்டு தடவை குதித்தே உட்கார்ந்தான். சுற்று இம்மியும் நகரவில்லை.

இப்போது கயிறு வாங்கப் போகும் தம்பிகளுக்கு: முறுக்குக் கயிறு பாரத்தில் பிரிந்து திரும்பும், பின்னியதையே வாங்குங்கள். நைலான் ஈரத்தில் நீளும். சுற்றுக்கயிறு மேல்கயிற்றைவிட மெலிந்தே இருக்கட்டும். பாஸை ஏற்றுவதற்கு முன் நீங்கள் ஏறிப் பாருங்கள். விழுந்தால் வேலை போகாது.

மத்தியானம் சார் எங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஏறினார். மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். பத்து நிமிடம். இருபது நிமிடம். படுக்கை அசையவே இல்லை.

"மூச்சு இருக்கா பாரு லா" என்று கிசுகிசுத்தான் முனியாண்டி.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. கிட்டப் போய்க் குனிந்து, "சார், சார், இப்ப எப்படி சார் இருக்கு?" என்றேன்.

அவர் கண்ணைத் திறக்கவில்லை. "நீ எழுப்புற வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு."