கம்பை வெட்டி வைத்தவன்

கணக்கு டீச்சரை எனக்கு ஆரம்பத்தில் பிடிக்கவே பிடிக்காது. என் அக்காவை எதிர்த்துப் பேசும் உரிமை எனக்கு மட்டும்தான் என்று இருந்தவள் நான். அதில் பங்குக்கு இன்னொருத்தி வந்தால் வயிறு எரியாதா?

அவளுக்கும் பெயர் என்று ஒன்று இருந்தது. யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. பிள்ளைகளுக்குக் கணக்கு டீச்சர், என் அக்காவுக்கு வெறும் 'கணக்கு'. அக்கா அதே பள்ளிக்கூடத்தில் தமிழ் டீச்சர். நான் ஆபீஸ் அறையில் கிளார்க். அதனால் அவர்களுடைய முதல் சண்டையைக் கண்ணாலேயே பார்த்தேன்.

அக்கா தொண்டை கட்டிக்கொண்டு வீட்டில் படுத்திருந்த அன்று, அவள் வகுப்பைப் பார்த்துக்கொள்ளக் கணக்கை அனுப்பினார்கள். பார்த்துக்கொள்வது என்றால் பிள்ளைகள் கூரையைப் பிய்க்காமல் பார்த்துக்கொள்வது, அவ்வளவுதான். இவள் சும்மா இருந்தாளா? பாடப்புத்தகத்தைப் பிரித்து, அக்கா வருஷா வருஷம் நடத்தும் சிறுகதையை ஒரு பெண்ணை விட்டு வாசிக்கச் சொல்லியிருக்கிறாள்.

கதை சின்னதுதான். கல் உடைக்கும் இடத்தில் இரண்டு நண்பர்கள். பாறை சரிந்து ஒருவனுடைய கால் நசுங்கிப்போகிறது. மற்றவன் அவனை முதுகில் சுமந்துகொண்டே ஆற்றுக்கும் வீட்டுக்கும் நடக்கிறான். ஒரு விடியற்காலையில் சொல்லாமல் கொள்ளாமல் போய்விடுகிறான். கால் போனவன் அழுகிறான், சபிக்கிறான், பிறகு தானாக எழுந்து நடக்கப் பழகுகிறான். வெகுகாலம் கழித்து, போனவன் திரும்பி வந்து வாசலில் நிற்கிறான். "யாருப்பா?" என்று கேட்கிறான் இவன். கதை அங்கே முடிந்துவிடும்.

அக்கா நடத்துவது வெட்டு ஒன்று துண்டு இரண்டு. போனவனின் குணம், கோழைத்தனம். கதையின் கரு, கூட இருப்பதே நட்பு. அப்படி எழுதினால் முழு மார்க். அந்த வருஷப் பரீட்சையில் வகுப்பே ஒன்றுகூடி மாற்றி எழுதியிருந்தது. போனவன்தான் உண்மையான நண்பனாம்.

விடைத்தாள் கட்டைத் தூக்கிக்கொண்டு அக்கா ஆசிரியர் அறைக்குள் நுழைந்தாள். நானும் பின்னாலேயே போனேன். வேடிக்கை பார்க்கத்தான்.

"என் பிள்ளைங்களுக்கு என்னங்க சொல்லிக் குடுத்தீங்க?"

"ஒண்ணும் சொல்லலீங்க. ஒரே ஒரு கேள்வி கேட்டேன். போறதுக்கு முன்னாடி ஒரு கம்பை வெட்டி, சீவி, கதவுல சாத்தி வச்சான்னு ஒரு வரி வருதே. விட்டுட்டு ஓடறவன் எதுக்குங்க கம்பை வெட்டி வைக்கிறான்?"

"அது குற்ற உணர்ச்சி!"

"இடிக்குதே. குற்ற உணர்ச்சி இருக்கறவன் சோத்தை வச்சிட்டுப் போவான். கம்பை வைக்கிறவன், இவன் நடந்துடுவான்னு நம்பறவன். சுமக்க முதுகு இருக்கற வரைக்கும் இவன் நடந்திருக்க மாட்டான்."

அக்காவுக்குத் தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால். ஆனால் அன்று சாயங்காலம் இரண்டு பேரும் அந்த ஒற்றை வரியைப் பேசிக்கொண்டே பஸ்ஸைத் தவறவிட்டு, வீடு வரைக்கும் நடந்தே வந்தார்கள். வாசலுக்கு வரும்போது வாடி போடி ஆகிவிட்டது. அதற்குப் பிறகு அந்தப் பாடம் வந்தால் போதும், கணக்கு தன் வகுப்பை விட்டுவிட்டு அக்கா வகுப்பில் வந்து உட்கார்ந்துகொள்வாள். இவள் ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம். மற்ற வகுப்புப் பிள்ளைகள் ஜன்னலில் தொங்கும். எந்தப் பக்கம் எழுதினாலும் கதையிலிருந்து காரணம் காட்டினால் மார்க் உண்டு என்று கடைசியில் ஒப்பந்தம் ஆயிற்று. ஆனால் அக்கா தன் பக்கத்தை விட்டுக்கொடுக்கவே இல்லை.

கணக்குக்கு ஒரே மகன். புருஷன் சின்ன வயதிலேயே போய்விட்டார். அன்றைக்கு அவள் அழவில்லை. வந்தவர்களுக்கு நாற்காலி போதுமா என்று எண்ணிக்கொண்டிருந்தாள். கல்நெஞ்சக்காரி என்று நாலு பேர் பேசினார்கள். அக்கா அவர்கள் முகத்துக்கு நேரே, "அவ எண்ணிக்கிட்டிருக்கான்னா உள்ள அழுதுகிட்டிருக்கான்னு அர்த்தம், போங்க" என்றாள். எனக்குக் கணக்கைப் பிடிக்க ஆரம்பித்தது அன்றுதான்.

ஓய்வு பெற்ற பிறகுதான் அக்காவுக்கு மறதி வந்தது. முதலில் அடுப்பில் வைத்த பாலை மறந்தாள், பிறகு தெருவை மறந்தாள், பிறகு கணக்கை மறந்தாள். என்னை மட்டும் மறக்கவில்லை. திட்டுவதற்கு ஒரு ஆள் வேண்டுமே.

கணக்கு நான்கு மணிக்கு வருவாள். முட்டி வலியோடு மாடிப்படி ஏறி, அக்காவுக்கு எதிரே இருக்கும் பிரம்பு நாற்காலியில் உட்காருவாள்.

"நீங்க யாரும்மா?"

"கணக்கு டீச்சருங்க."

"அப்படியா? என் ஸ்நேகிதி ஒருத்தியும் கணக்கு டீச்சர்தான். ரொம்பத் திமிர் பிடிச்சவ."

"ஆமாங்க, நானும் கேள்விப்பட்டிருக்கேன்" என்பாள் கணக்கு. நான் சமையலறைக்குள் போய்ப் பாத்திரங்களை உருட்டுவேன். யார் மேல் கோபம் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

கணக்குக்கும் கண் மங்கிக்கொண்டு வந்தது. படியில் ஒருமுறை விழுந்தாள். மகன் தூரதேசத்தில் இருந்தான். இனி தனியாக இருக்கக்கூடாது என்று டிக்கெட் எடுத்துவிட்டான். விமானத்தில் போகிற தூரம். போனால் திரும்பி வருகிற வயது இல்லை.

"சின்னவளே, எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் வேணும்" என்றாள் என்னிடம். "ஒரே ஒரு தடவை 'ஏய் கணக்கு'ன்னு கூப்பிட்டுட்டான்னா போதும். அவகிட்ட சொல்லிட்டுப் போயிடுவேன். சொல்லாம போனா கதையில போனவனுக்கு அவ என்ன குணம் எழுதுவான்னு உனக்குத்தான் தெரியுமே."

பழைய பாடப்புத்தகத்தைத் தேடி எடுத்து வந்தாள். பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு தினமும் அந்தக் கதையை வாசித்துக் காட்டினாள். அக்கா சில நாள் கேட்டாள், சில நாள் தூங்கிவிட்டாள். பெயர் மட்டும் வாயில் வரவில்லை.

புறப்படுகிற நாளும் வந்துவிட்டது. கீழே மகன் காரில் காத்திருந்தான். கணக்கு கதையை வாசித்து முடித்ததும் அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தாள். அது வகுப்பில் உட்காருகிற தோரணை.

"சொல்லுங்க பார்ப்போம். போனவனோட குணம் என்ன?"

கணக்கு புத்தகத்தை மூடினாள். "கோழைங்க. என்ன ஆனாலும் கூட இருந்திருக்கணும்" என்றாள். இத்தனை வருஷத்தில் அவள் அந்தப் பக்கம் பேசி நான் கேட்டதே இல்லை.

"நானும் அப்படித்தான் சொல்லிக் குடுத்துக்கிட்டிருந்தேன். தப்பும்மா" என்றாள் அக்கா. "கம்பை வெட்டி வச்சிருக்கான் பாருங்க. மனசு இல்லாதவனா அவன்? போக வேண்டியிருந்துது, போனான். என் ஸ்நேகிதி அன்னைக்கே சொன்னா. அவ சொன்னதுதான் சரி. ஒத்துக்கிட்டா தலைகால் தெரியாம ஆடுவாளேன்னு நான் வாயைத் திறக்கல. அவளை எங்கயாவது பார்த்தீங்கன்னா சொல்லிடுங்க."

"சொல்றேங்க" என்றாள் கணக்கு. அக்காவின் இரண்டு கைகளிலும் முகத்தைப் புதைத்துக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி விசும்பி விசும்பி அழுதாள். "பாவம், இவங்களுக்கு யாரும் இல்லையா?" என்று அக்கா என்னைப் பார்த்துக் கேட்டாள். கீழே ஹாரன் அடித்தது.

மறுநாள் மணி நான்கு ஆகியிருக்கும். நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன்.

"என்னடி, கணக்கு இன்னும் வரல?"

துணியை அப்படியே போட்டேன். ஓடிப்போய் போனை எடுத்தேன். அவள் ஆகாயத்தில் இருந்தாள், போன் அணைந்திருந்தது. ஒரு நாள், ஒரே ஒரு நாள் முன்னால் அக்கா அப்படிக் கூப்பிட்டிருக்கக் கூடாதா? எனக்குச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

"அவகிட்ட நான் ஒண்ணு சொல்லணுமே" என்றாள் அக்கா.

"சொல்லிட்ட அக்கா. நேத்தே சொல்லிட்ட. அவளும் கேட்டுட்டா."

"என்ன சொன்னா?"

"ஒண்ணும் சொல்லல. உன் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதா."

அக்கா என்னை மக்குப் பிள்ளையைப் பார்ப்பது போலப் பார்த்தாள்.

"கணக்காவது, அழறதாவது. அவ குணம் எனக்குத் தெரியாதா? நீ வேற யாரையோ பார்த்திருக்க" என்று சொல்லிவிட்டு, எதிரே இருந்த பிரம்பு நாற்காலியைக் கொஞ்சம் அருகே இழுத்துப் போட்டுக்கொண்டு, படிக்கட்டைப் பார்த்து உட்கார்ந்தாள்.