அப்பா பழி வாங்கப் போன கதை

போன வருஷம் லீவில் வந்த என் தம்பி, திரும்பவும் சிங்கப்பூர் கிளம்பும்போது தன் வீடியோ கேம் பெட்டியை என் வீட்டில் விட்டுவிட்டுப் போனான். லக்கேஜ் எடை கூடிவிட்டதாம். ஊரில் அவன் வீட்டில் வைத்தால் லோ வோல்டேஜில் கெட்டுப்போகுமாம். கும்பகோணத்தில் அக்கா வீடு என்று ஒன்று வேறு எதற்கு இருக்கிறது? பழைய சூட்கேஸ், ஓடாத மிக்ஸி, அவன் கல்யாண ஆல்பம் என்று அவன் சாமானில் பாதி ஏற்கெனவே என் பரணில்தான் கிடக்கிறது. இதை டி.வி.க்குக் கீழே சொருகிவிட்டு, "சும்மாதானே கெடக்கும், வேணும்னா நீ வெளையாடுக்கா" என்று சிரித்தான். நாற்பத்து மூன்று வயதுக்காரியைப் பார்த்துச் சொல்கிற கிண்டல். எனக்குச் சுருக்கென்றது. அந்த ரோஷத்துக்காகவே விளையாடினேன்.

வீட்டுக்காரர் பாத்திரக்கடைக்குக் கிளம்பிப் போன பிறகு, பகல் பதினொன்றிலிருந்து ஒன்றரை வரை என் நேரம். பெட்டியில் ஒரே ஒரு விளையாட்டுத்தான் இருந்தது. காடு, மலை, சதுப்பு நிலம், பேய் பிசாசு எல்லாம் உள்ள ஒரு பெரிய தேசம். குதிரையில் ஏறி எந்தப் பக்கம் வேண்டுமானாலும் போகலாம், யாரும் கேட்க மாட்டார்கள். மலைக்கோட்டையில் இரும்பு முகமூடி போட்ட ஒரு பிரபு இருக்கிறான். நம் ஆளை ஊர் பார்க்க மண்டியிட வைத்து, வீட்டை எரித்தவன் அவன். தேடிப் போய் அவனைப் பழி வாங்க வேண்டும். மொத்தக் கதையும் அவ்வளவுதான்.

ஆரம்பத்தில் நம் ஆளின் முகத்தை நாமே செய்துகொள்ளச் சொன்னது. நெற்றி எவ்வளவு அகலம், மூக்கு எவ்வளவு நீளம், மீசை எப்படி என்று வரிசையாகக் கேட்டது. இரண்டு நாள் நான் அந்த முகத்தை விட்டு நகரவில்லை. இரண்டாம் நாள் குழம்பு அடிபிடித்துத் தெருவே மணத்தது. எழுந்து போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்து பார்த்தபோது திரையில் எங்கள் அப்பா நின்றுகொண்டிருந்தார். சாகும்போது இருந்த வற்றலான அப்பா இல்லை. நாற்பது வயதில், கறுத்த மீசையும் இடது புருவத்தில் தழும்புமாக இருந்த அப்பா. கையில் வாள்.

அவருக்கு வாள் கொடுக்க எனக்குக் காரணம் இருந்தது.

எனக்குப் பன்னிரண்டு வயது. கார்த்திகை அடைமழை. சம்பாப் பயிர் முழங்கால் உயரம்கூட இல்லை. எங்கள் வயல் பள்ளம். அதில் நிற்கிற தண்ணீர், பக்கத்து வயல் ஓரமாக இருந்த வாய்க்கால் வழியாகத்தான் வடிய வேண்டும். பக்கத்து வயல் அப்பாவின் பங்காளியுடையது. ஒன்றுவிட்ட தம்பி, எங்களுக்குச் சித்தப்பா முறை. நான் அந்த ஆளை அப்படிக் கூப்பிடுவதை அன்றோடு நிறுத்திவிட்டேன். தன் வயலுக்குள் தண்ணீர் ஏறிவிடக் கூடாது என்று அந்த ஆள் வாய்க்காலை மண்மூட்டை போட்டு அடைத்துவிட்டான். ஐந்து நாளாக எங்கள் பயிர் தண்ணீருக்குள் கிடந்து அழுகிக்கொண்டிருந்தது. சொல்லிப் பார்த்து, கெஞ்சிப் பார்த்து, ஆறாம் நாள் அப்பா மண்வெட்டியோடு போய் மூட்டையைப் புரட்டித் தள்ளினார். நான் தூக்குவாளியில் சோறு எடுத்துக்கொண்டு போய்ச் சேர்ந்தேன். அந்த ஆள் வரப்பில் ஓடி வந்து, களை பறிக்க வந்த பெண்கள் ஏழெட்டுப் பேர் பார்க்க, அப்பாவின் கன்னத்தில் அறைந்தான். வயதில் மூத்தவரை, அண்ணே என்று கூப்பிட வேண்டியவரை.

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டார். என் கையிலிருந்த தூக்குவாளியை வாங்கிக்கொண்டு, "நீ வீட்டுக்குப் போம்மா" என்றார். நான் போகவில்லை, தள்ளி நின்று பார்த்தேன். அவர் வரப்பில் உட்கார்ந்து, ஒரு பருக்கை மீதி வைக்காமல் சாப்பிட்டு, வாளியை வாய்க்காலில் கழுவிக் கவிழ்த்தார். அறையைவிட அந்த வாளியைக் கழுவியதுதான் எனக்குத் தாங்கவில்லை. எப்படி இறங்கியது அந்தச் சோறு என்று இன்றைக்கும் நினைப்பேன்.

அன்று சாயங்காலம் என் தம்பி, ஒன்பது வயது வீரன், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னான்: "நான் பெரியவனானதும் அவன திருப்பி அடிப்பேன்க்கா." அவன் மறுநாளே மறந்திருப்பான். நான் அந்த வார்த்தையை அவனுக்காகப் பத்திரமாக வைத்திருந்தேன். கல்யாணமாகி கும்பகோணம் வந்தபோதுகூட அதை எடுத்துக்கொண்டுதான் வந்தேன்.

அப்பா இறந்தபோது பாடை தூக்க முதலில் தோள் கொடுத்தது அந்த ஆள். பங்காளி இல்லையா, முறை இருக்கிறதே! அடுத்த வருஷமே தம்பி எங்கள் நிலத்தை அந்த ஆளிடமே குத்தகைக்கு விட்டான். கேட்டால், "தண்ணி வடியிற வழி ஒண்ணு. பக்கத்து வயல்காரர்ட்ட இருந்தாத்தான்க்கா பிரச்சன இல்ல" என்றான். பிரச்சினை இல்லையாம். ஒருநாளாவது கோயில் திருவிழாவில், நாலு பேர் நடுவில், 'எங்கப்பாவை எதுக்கு அடிச்சீங்க' என்று நானே கேட்டுவிடுவது என்றிருந்தேன். கட்டிக்கொடுத்த பெண்ணுக்கு அந்த ஊரில் கேள்வி கேட்க என்ன பாத்தியதை என்பார்கள். இருந்தாலும் கேட்பேன், அடுத்த வருஷம் கேட்பேன் என்றே வருஷங்கள் போயின.

ஆக, விளையாட்டிலாவது நடக்கட்டும் என்று அப்பாவை மலைக்கோட்டைக்கு அனுப்பினேன். முகமூடிக்காரன் கதாயுதத்தை ஒரு சுழற்றுச் சுழற்றினான். என் கையிலிருந்த கருவி அதிர்ந்தது. அப்பா விழுந்தார். எந்தப் பொத்தானை எப்போது அமுக்கி விலகுவது என்று என் விரலுக்குப் பிடிபடவே இல்லை. மறுபடி அனுப்பினேன். மறுபடி விழுந்தார். ஒரு வாரத்தில் நாற்பது தடவையாவது இருக்கும். அந்த ஆள் ஒரு தடவை அடித்தான். என்னைப் பெற்ற அப்பனை நான் நாற்பது தடவை அடி வாங்க வைத்தேன்.

அதற்குப் பிறகு கோட்டைப் பக்கமே போகவில்லை. அந்தத் தேசத்தில் சில்லறை வேலைகள் நிறைய உண்டு. கிழவிக்குத் தொலைந்த ஆட்டைத் தேடித் தருவது, மூலிகை பறிப்பது, பாழுங்கிணற்றுப் பேயை விரட்டுவது. அப்பாவை வைத்து எல்லாவற்றையும் செய்தேன். எத்தனை மாதம் கழித்துப் போனாலும் முகமூடிக்காரன் அதே நாற்காலியில் அதே வயதில் உட்கார்ந்திருப்பான். அந்த ஒரு சௌகரியம் விளையாட்டில்தான் உண்டு.

எங்கள் ஊர் ஆள் காத்திருக்கவில்லை. இந்தத் தை மாதம், பல் விளக்கிக்கொண்டிருந்தவன் அப்படியே சரிந்து போய்விட்டான். நான் கேட்க வேண்டியதைக் கேட்காமலே.

தம்பி சிங்கப்பூரிலிருந்து போன் செய்தான். "அக்கா, சித்தப்பாவுக்கு ஆம்பளப் புள்ள இல்லல்ல. நாந்தான் கொள்ளி வைக்கணும். டிக்கெட் போட்டுட்டேன். நீயும் வந்துரு."

"எனக்கு ஒடம்பு சரியில்ல" என்றேன்.

அவன் வருகிறவரை அந்த ஆளை ஐஸ் பெட்டியில் வைத்திருந்தார்களாம். திருப்பி அடிப்பேன் என்ற பிள்ளை, கடல் தாண்டி வந்து, மகன் ஸ்தானத்தில் நின்று, மொட்டையடித்துக் கொள்ளி வைத்தான். வீட்டுக்காரர், "போயி தலைய காட்டிட்டாவது வந்திருக்கலாம்" என்றார். அன்று அவருக்கு நான் சரியாகச் சோறு போடவில்லை.

பதினாறாம் நாள் கருமாதி முடிந்து, திருச்சியில் விமானம் ஏறப் போகிற வழியில் தம்பி என் வீட்டுக்கு வந்தான். மீசையும் இல்லை. மொட்டைத் தலையில் கறுகறுவென்று முடி முளைவிட ஆரம்பித்திருந்தது. யாருக்காக எடுத்த முடி என்று நினைத்ததும் அவனைப் பார்க்கவே பிடிக்கவில்லை. காபி போட உள்ளே போனேன். டிகாஷன் இறங்கத் தாமதமானது. கூடத்தில் வாள் சத்தம் கேட்டது. சின்னப்பிள்ளைத்தனம் இன்னும் போகவில்லை என்று நினைத்துக்கொண்டேன். டம்ளரோடு வந்தபோது இரும்பு முகமூடி தரையில் கிடந்தது. அப்பா குதிரையில் ஏறி, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போய்க்கொண்டிருந்தார். திரையில் பெயர்கள் ஓட ஆரம்பித்தன.

"முடிச்சு உட்டுட்டேன்க்கா. இவன்ட்டயா இத்தன மாசம் மாட்டிக்கிட்டு இருந்த?"

"கொன்னுட்டியா?"

"இல்ல. கடைசியில கொல்லவா, மன்னிச்சு விடவான்னு கேக்குது. விட்டுட்டேன்."

"எதுக்குடா விட்ட?"

காபியை ஒரு வாய் உறிஞ்சினான். "என்னமோ தெரியலக்கா. நம்ம ஆளுக்கு அப்பா சாயல் இருந்துச்சு. அப்பா கையால எதுக்கு ஒரு கொலைன்னு தோணுச்சு."

"சாயல் இல்ல. அப்பாதான். ரெண்டு நாள் ஒக்காந்து நான் செஞ்சேன்."

அவன் திரையைப் பார்த்தான். குதிரை போய்விட்டிருந்தது. கையால் மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டான்.

"அப்பா அடிக்கிற ஆளு இல்லக்கா" என்றான் மெதுவாக. "அன்னைக்கே திருப்பி அடிக்கலையே."

முப்பது வருஷமாக யாரிடமும், அம்மாவிடம்கூட, சொல்லாததை அவனிடம் சொன்னேன். "அடிக்கத்தான் இருந்தாரு. மம்பட்டிய ஓங்கிட்டாரு. அப்பறம் நான் நிக்கிறதப் பாத்தாரு. எறக்கிட்டாரு."

தம்பி டம்ளரைக் கீழே வைத்தான். "எறக்குனதே நல்லதுக்கா. இல்லாட்டி நம்ம என்ன ஆயிருப்போம்?" என்றான். பிறகு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்தான். வாசல்வரை போனேன். பெட்டியைத் திருப்பி எடுத்துக்கொண்டு போ என்று சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை.

உள்ளே வந்தபோது, புதிதாகத் தொடங்கவா என்று திரை கேட்டுக்கொண்டிருந்தது. அவன் குடித்து வைத்த டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தேன். அவன் சொன்னது நியாயம்தான். ஜெயில், கோர்ட்டு என்று அப்பாவின் காலம் போயிருக்கும். எல்லாம் எனக்குத் தெரியும். ஆனாலும் அன்றைக்கு அந்தத் தூக்குவாளியை நான் அரை மணி நேரம் கழித்து எடுத்துப் போயிருக்கலாம்.