அந்தப் பெட்டியில் ஒரு டிக்

அலுவலகத்தில் அவளுக்கு மிளகாய் என்று பெயர். யாரும் முகத்துக்கு நேரே சொல்லமாட்டார்கள், அவ்வளவு தைரியம் எவனுக்கு இருக்கிறது? கடைக்காரர்களின் வலைத்தளங்களைத் தேடலில் முதல் பக்கத்துக்குக் கொண்டுவருவது அவள் வேலை. பதினோரு வருஷமாகச் செய்கிறாள், பதினோரு வருஷமும் சிடுசிடுப்புதான்.

ஒருமுறை புதிதாகச் சேர்ந்த பெண்ணொருத்தி, அரைகுறைத் தளம் யார் கண்ணிலும் படாதிருக்க, 'தேடலில் காட்டாதே' என்ற பெட்டியில் டிக் அடித்தாள். வேலை முடிந்ததும் அதை எடுக்க மறந்துவிட்டாள். "கடையத் திறந்துட்டு ஷட்டர இறக்கி வெச்சிருக்கியே, உனக்கெல்லாம் மூளைன்னு ஒண்ணு இருக்கா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டு அவளை அழவைத்தாள் மிளகாய்.

மிளகாயின் அக்கா சக்கர நாற்காலி பழுதுபார்ப்பவள். மருத்துவமனைக்கு எதிரே இருந்த கடையை இடித்ததும் பின்சந்துக்குள் போக வேண்டியதாயிற்று. அங்கே தேடிக்கொண்டு வந்தால்தான் உண்டு. தங்கை ஒரே ஞாயிற்றுக்கிழமையில் தளம் செய்து கொடுத்தாள். ஆறு மாதம் ஆயிற்று, ஒரு ஈ காக்காய் எட்டிப் பார்க்கவில்லை.

"பெரிய கடைக்காரன மட்டும் காட்டுறானுங்க, நாசமாப் போறவனுங்க!" என்று வாராவாரம் தேடுபொறியைத் திட்டினாள் தங்கை. படத்தை மாற்றினாள், வார்த்தையை மாற்றினாள். அக்காவும் நம்பினாள். கடைசியில் வேறு வழியில்லாமல் கடையைக் காலி செய்வதாகச் சொல்லிவிட்டாள். இடமும் வேறு ஆளுக்குப் பேசி முடிந்தது.

அக்காவும் தங்கையும் சாமான் கட்டும்போது ஒருவர் வாசலில் நின்றார்.

"இது நாற்காலி ரிப்பேர் கடையா? நாலு மாசமா தேடுறேங்க! பக்கத்துத் தெருதான் நான். எங்கம்மா கட்டில்லயே கெடக்காங்க. நெட்ல போட்டா கொறஞ்சா போயிடுவீங்க?"

மிளகாய்க்குச் சுர்ரென்று ஏறியது. "போட்டிருக்கோம் சார், உங்களுக்குத் தேடத் தெரியல!" அவர் போனை வாங்கிக் கடையின் பெயரையே அடித்தாள். ஒன்றும் வரவில்லை. பெயரைப் போட்டும் வரவில்லையா? தன் போனில் தளத்தின் அமைப்புகள் பக்கத்தைத் திறந்தாள்.

அந்தப் பெட்டி. அந்த டிக். தளம் செய்த ஞாயிற்றுக்கிழமை அவள் கையால் அடித்தது.

கற்றுக்குட்டிகள் செய்யும் தப்பு என்று அந்தப் பக்கத்தை அதற்குப் பிறகு அவள் திறந்தே பார்க்கவில்லை. இப்போது திட்டுவதற்கு ஆள் யாரும் இல்லை. டிக்கை எடுத்துவிட்டு அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அக்கா அந்த மனிதரோடு போய் அவர் அம்மாவின் நாற்காலியைச் சரிசெய்து கொடுத்துவிட்டு வந்தாள்.

சாவியை ஒப்படைக்கிற நாளில் அக்காவின் போன் விடாமல் அடித்தது. காலையிலிருந்து ஐந்தாவது அழைப்பு.

"கடை இல்லீங்க," என்று சொல்லிப் போனை வைத்துவிட்டு அக்கா தங்கையிடம் திரும்பினாள்.

"அந்த டிக்க மறுபடியும் அடிச்சிடுடி. இல்லாத கடைக்கு யாரும் அலைய வேணாம்."

மிளகாய் தன் போனை எடுத்து, அந்தப் பெட்டியில் டிக் அடித்தாள்.