குங்குமப்பூ ரிப்போர்ட்டும் என் நிறமும்

இன்று அடையாறில் எங்கள் உணவுப் பரிசோதனைக் கூடத்துக்கு ஆழ்வார்பேட்டையிலிருந்து ஓர் அம்மா வந்தார். போன வாரம் கொடுத்துவிட்டுப் போன குங்குமப்பூவுக்கு ரிப்போர்ட் வாங்க வந்தவர். மகளுக்கு ஏழாம் மாதமாம். தினமும் பாலில் போட்டுக் கொடுக்கிறாராம்.

ரிப்போர்ட்டை நீட்டிவிட்டுச் சொன்னேன்.

"இது குங்குமப்பூவே இல்லம்மா. சோளக்கதிர் நாருக்குச் சிவப்புச் சாயம் ஏத்தியிருக்காங்க. மெஷின்ல சாயம் தனியாத் தெரியுது. உடனே நிறுத்திடுங்க, டாக்டர்கிட்டயும் சொல்லிடுங்க."

அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"ஐயோ, அப்போ கொழந்தை கறுப்பாப் பொறந்துடுமா?"

மகள் வயிற்றுக்குள் போன சாயத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

"ஒரிஜினல் குடுத்தாலும் கொழந்தையோட நிறம் மாறாதும்மா" என்றேன். வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். நான் நல்ல கறுப்பு. குரலைத் தாழ்த்தி, நிஜமான பரிவோடு கேட்டார்.

"உங்கம்மாவையும் டூப்ளிகேட் குடுத்துதான் ஏமாத்திட்டாங்களாம்மா?"

அவருக்குப் பின்னால் வரிசை நின்றது. என் மதியச் சாப்பாட்டு டப்பாவை இன்னும் திறக்கவே இல்லை.

"ஆமாம்மா" என்று சொல்லிவிட்டேன்.

"அதான பார்த்தேன்" என்றவர், ஒரிஜினல் எந்தக் கடையில் கிடைக்கும் என்று கேட்டுக் குறித்துக்கொண்டு தெம்பாகக் கிளம்பினார்.

எங்கள் கூடத்திலிருந்து இன்று வெளியே போன ஒரே போலி ரிப்போர்ட் அந்த "ஆமாம்மா"தான்.

நீங்களாக இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? எழுதிவையுங்கள், சாப்பிட்டுவிட்டு வந்து படிக்கிறேன்.