தூணுக்கு வெளியே வந்த வில்

அமலி அக்கா இறந்த செய்தியும் கீபோர்டை எடுத்து வரச் சொன்ன செய்தியும் ஒரே அழைப்பில் வந்தன. திருச்சியில், பல்கலைக்கழக நூலக வாசலில் நின்றிருந்தேன். எங்கள் பாடகர் குழுவை நடத்தும் பீட்டர் சார் பேசினார். "தம்பி, நம்ம அமலி போயிருச்சுப்பா. நெஞ்சு வலின்னு காலையில வண்டியில ஏத்துனாங்க. விராலிமலை தாண்டல. நாளைக்கு அடக்கம். நீ கீபோர்டோட வந்துரு."

சரி என்றேன். அழைப்பு முடிந்ததும் எனக்கு முதலில் வந்த நினைப்பு: அடாப்டரை எங்கே வைத்தேன்?

நம் கோவிலுக்கு வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். அவரை உங்கள் எல்லாருக்கும் தெரியும். அவர் வாசித்ததைப் பார்த்தவர்கள் உங்களில் எத்தனை பேர் என்பது தெரியவில்லை.

வளைகுடாவில் நர்ஸாக இருந்தவர். உடன் தங்கியிருந்த கோவாக்காரத் தோழி விடுமுறை நாட்களில் அவருக்குச் செல்லோ என்ற நரம்புக் கருவியைக் கற்றுக்கொடுத்திருக்கிறார். தோழி வேறு நாட்டுக்குப் போகும்போது கருவியை இவரிடமே விட்டுவிட்டார். ஊருக்குத் திரும்புகிறவர்கள் டிவி கொண்டு வருவார்கள். அக்கா, தன் தோள் உயரத்துக்கு ஒரு உறையைத் தூக்கிக்கொண்டு இலுப்பூர் பஸ்ஸிலிருந்து இறங்கினார். அடுத்த வீட்டு ஞானப்பூ பெரியம்மா உறையைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார்.

"என்னடி இது, வயலினோட ஆத்தாளா?"

"ஆமா பெரியம்மா. நெறமாசம். பாத்துத் தொடுங்க."

சமையலறைக்கு வெளியே நாற்காலி போட்டு வாசிப்பார். உள்ளே குக்கர் இருக்கும். "மூணாவது விசிலுக்குள்ள இந்த வரி வரணும்" என்பார். வராது. பருப்பு குழைந்துவிடும். கணவர் சவரி அண்ணன் கோபிக்காமல் சாப்பிடுவார். ஒரு மாலை என் உள்ளங்கையைச் செல்லோவின் முதுகில் வைக்கச் சொல்லிவிட்டு வில்லை இழுத்தார். மரம் உள்ளே நடுங்கியது. "நாடி பாக்குற மாதிரி பாரு. காதுக்கு அப்பறந்தான் வரும் இது."

அந்த வருடத் திருவிழாவுக்கு முன்பு குழுவில் சேர்ந்தார். செல்லோவை வேறு விதமாக வாசிக்க முடியாது. உட்கார்ந்து, முழங்கால்களை அகற்றி, நடுவே நிறுத்த வேண்டும். அக்கா சேலைக் கொசுவத்தைத் தாராளமாக விட்டுத்தான் கட்டியிருந்தார். முதல் ஞாயிறு பீடத்துக்கு இடப்பக்கம், எல்லாரும் பார்க்கும் இடத்தில் உட்கார்ந்தார். பூசை முடிந்ததும் பெண்கள் பக்கத்திலிருந்து பேச்சு வந்தது. ஆண்கள் பக்கத்திலிருந்து வந்தது சிரிப்பு.

பீட்டர் சார் என்னைத் தனியே கூப்பிட்டார். "நீ படிச்ச பையன். பக்குவமா சொல்லு."

அந்த மாதம்தான் பெண்ணுடல் குறித்து ஒரு கருத்தரங்கில் கட்டுரை வாசித்துக் கைதட்டு வாங்கியிருந்தேன். அக்காவிடம் போய்ச் சொன்னேன்: "அக்கா, அந்தத் தூணுக்குப் பின்னாடி உக்காந்தா சத்தம் இன்னும் நல்லா வரும்."

அவர் என்னைப் பார்த்தார். "சத்தமா தம்பி, காலா?"

நான் தரையைப் பார்த்தேன்.

"சரி விடு. தூணுக்குக் கூச்சம் கெடையாது." நாற்காலியை அவரே தூக்கிக்கொண்டு போனார். நான் செல்லோவையாவது பிடித்திருக்கலாம்.

அதன் பிறகு அங்கேதான். தரையில் டைல்ஸ். செல்லோவின் அடிக்கம்பி வழுக்கும். பழைய செருப்பொன்றைப் போட்டு அதில் கம்பியை ஊன்றிக்கொள்வார். குழுவின் மைக் அந்தப் பக்கம் எட்டாது. எட்ட வேண்டும் என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை.

ஒரு ஞாயிறு, காணிக்கைப் பாட்டுக்கு நடுவில் கரண்ட் போனது. கீபோர்டு செத்தது. பாட்டு தடுமாறிய இடத்தில் தூணுக்குப் பின்னாலிருந்து செல்லோ மேலே வந்தது. மக்கள் குரலை இறக்கி அதோடு சேர்ந்துகொண்டார்கள். கோவில் அப்படிப் பாடி நான் கேட்டதில்லை. நான் சும்மா கைகளைக் கட்டைகள் மேல் வைத்திருந்தேன்.

வெளியே ஞானப்பூ பெரியம்மா என் கன்னத்தை வழித்தார். "கரண்டு இல்லாமயே என்னமா வாசிச்சய்யா!"

சிரித்தேன். பின்னால் அமலி அக்கா உறையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்துகொண்டிருந்தார். அவருக்குக் கேட்டது. என்னைத் தாண்டும்போது, "நல்லாத்தான் வாசிச்சே தம்பி" என்று கண்ணடித்தார். கேலி மட்டும்தான். வேறொன்றும் இல்லை அதில். அதனால்தான் இன்னும் உறுத்துகிறது.

அடக்கப் பூசைக்குப் போனேன். பெட்டி பீடத்துக்கு முன்னால், நடுவில் இருந்தது. எல்லாரும் பார்க்கும் இடம். பீட்டர் சார் குனிந்து என் காதில், "அமலியோட அந்தச் சத்தம் இதுல இருக்குமே, அதைப் போடு" என்றார். இருந்தது. ஒரு பொத்தான். அழுத்தினேன்.

வில் திசை மாறும் இடத்தில் அக்காவின் செல்லோவில் ஒரு சின்ன மூச்சு கேட்கும். கீபோர்டு மூச்சு விடவில்லை. விரலை எடுக்கும் வரை ஒரே சீராக வந்துகொண்டிருந்தது. நான் விரலை எடுக்கவில்லை. கடைசிப் பாட்டு வரை அதையே வாசித்தேன்.

பெரியம்மா அழுதுகொண்டே வந்தார். "அமலியே வந்து வாசிச்ச மாதிரி இருந்துச்சுய்யா."

அன்று கரண்ட் போன கதையை அப்போது சொல்லியிருக்க வேண்டும். பெட்டியை மூடிக்கொண்டிருந்தார்கள். சொல்லவில்லை. பெரியம்மா, இப்போது சொல்கிறேன். அன்று வாசித்தது அக்கா.

மறுவாரம் சவரி அண்ணன் எங்கள் வீட்டுக்கு வந்தார். முப்பதாம் நாள் பூசைக்கு வருகிறவர்களுக்குக் காட்ட ஒரு வீடியோ வேண்டுமாம். "அவ வாசிக்கிறது ஒண்ணு. ஒன் போன்ல இருக்குந்தானே?"

திருவிழாக்கள், பிள்ளைகளின் புதுநன்மை, கிறிஸ்துமஸ். எல்லாவற்றிலும் தேடினேன். ஒவ்வொன்றிலும் நான் இருக்கிறேன். தூண் இருக்கிறது. அக்கா இல்லை.

அண்ணன் போனை வாங்கி முகத்தருகே பிடித்துக்கொண்டார். "கையாவது தெரியுதா?"

ஒன்றில் மட்டும், தூணின் வலது ஓரத்தில், வில்லின் நுனி வெளியே வந்தது. உள்ளே போனது. மறுபடி வந்தது.

"இந்தா வாரா," என்றார் அண்ணன். கொஞ்ச நேரம் கழித்து, "போறா." பாட்டு முழுவதும் அப்படியே சொல்லிக்கொண்டிருந்தார். முடிந்ததும் தலை தூக்காமல் கேட்டார்: "ஏன் தம்பி அங்கிட்டுப் போய் உக்காந்தா? நல்ல எடமெல்லாம் இங்கிட்டு இருக்கையில."

அக்கா வீட்டில் சொல்லியிருக்கவில்லை.

நான்தான் அனுப்பினேன் என்று சொன்னேன்.  அண்ணன் போனை என்னிடம் நீட்டி, "இன்னொரு தடவை போடு" என்றார்.

முப்பதாம் நாள் அதைத்தான் காட்டப்போகிறோம். தூணைப் பார்ப்பீர்கள். வலது ஓரத்தைப் பாருங்கள். அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது அந்த ஒரு சாண் வில்.