அருங்காட்சியகத்துக்கு ஒன்பது பேர் தேவை

நான் சொல்லப்போவது அத்தனையும் சத்தியம். பத்துமலை முருகன்மேல் சத்தியம், என் பல்செட்டின்மேல் சத்தியம், என் மூன்று பிள்ளைகள்மேல் சத்தியம். (மூத்தவன் தன்னைச் சேர்க்க வேண்டாம் என்றுவிட்டான். ஆக, இரண்டு பிள்ளைகள்.) நூறு வருஷத்துப் பழைய ரப்பர் பால் வாளி ஒன்று வேண்டுமென்று கேட்டுப் பாருங்கள், பத்துப் பேர் தூக்கிக்கொண்டு வருவார்கள், அந்த வாளியைப் பார்த்துக்கொள்ளும் நிர்வாகக் குழுவில் உட்கார ஓர் ஆள் கேட்டுப் பாருங்கள், தெருவே காலியாகிவிடும். கோயில் கமிட்டி, பெற்றோர் ஆசிரியர் சங்கம், மரண சகாய சங்கம் என்று எதிலாவது மாட்டிக்கொண்டு ஆள் தேடி அலைந்த பாவப்பட்டவர்களே, உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். மற்றவர்கள் நம்ப மாட்டார்கள்.

வட சிலாங்கூரில் ஒற்றை அறை அருங்காட்சியகங்கள் சில உண்டு. சுங்கை புரோங்கில் ஒரு நெல் கிடங்கு, பாகான் நக்கோடா ஓமாரில் ஒரு படகுக் கொட்டகை, உலு யாமில் மாதா கோயிலுக்குப் பின்னால் ஒரு ஹால், கோல சிலாங்கூர் பக்கம் எங்கள் ரப்பர் தோட்டத்துப் பழைய ஆஸ்பத்திரி. எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு சங்கம், அதற்கு ஒன்பது பேர் கொண்ட நிர்வாகக் குழு. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை அந்த ஒன்பது பேரைப் பிடித்துக் கொடுக்கும் தேர்வுக் குழுவுக்கு, தோட்டத்தில் கணக்கு எழுதும் கிராணியாக இருந்து ஓய்வுபெற்ற நான் தலைவர். உறுப்பினரும் நானே. தேர்வுக் குழுவில் இருப்பவர் நிர்வாகக் குழுவுக்கு நிற்கக் கூடாது என்று ஒரு விதி இருக்கிறது. அந்த விதிக்காகவே இந்த வேலையை ஒப்புக்கொண்டேன்.

ஆஸ்பத்திரிக் கட்டடம் தோட்டக் கம்பெனியுடையது. சங்கம் உயிரோடு இருக்கும்வரை வைத்துக்கொள்ளலாம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். ஒன்பது பேர் சேராவிட்டால் சங்கம் கலைந்தது. கட்டடம் உர ஸ்டோர் ஆகும். அங்கே மருந்து கட்டும் வேலை பார்த்த ரோசம்மாதான் சங்கத்துக்குச் செயலாளர். பூட்டிக் கிடந்த கட்டடத்தைத் திறக்கவைத்து, வௌவாலைத் துரத்தி, தொழிலாளர் குடியிருந்த லயம் லயமாக நடந்து, வாளியும் பால்கத்தியும் மருந்துப் போத்தலும் சேர்த்தவர் அவர். கூட்டத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது என் பட்டியலில் இருந்தது அவர் பெயர் ஒன்றுதான்.

மேடை நாற்காலி

முதலில் தஞ்சோங் காராங் முனியாண்டியிடம் போனேன். லோரி வைத்துத் தொழில் செய்பவர். அவர் நீட்டிய விசிட்டிங் கார்டை நான்காக மடித்தால்தான் சட்டைப் பைக்குள் போகும்; அத்தனை சங்கம், அத்தனை பதவி. நான் வாயைத் திறக்கும் முன்பே, "தலைவர் பதவிதானே? சரி, உங்க முகத்துக்காக" என்றார். மாலை போட்ட போட்டோ மேசை இழுப்பறையில் தயாராக இருந்தது.

"இல்லைங்க, சாதாரண உறுப்பினர்" என்றேன். துணைத் தலைவர், ஆலோசகர், புரவலர் என்று படிப்படியாக இறங்கி வந்தார். முன்னால் 'கௌரவ' என்று ஏதாவது ஒட்ட முடியுமா என்றும் பார்த்தார். உறுப்பினர் என்ற கடைசிப் படியில் மட்டும் கால் வைக்க மாட்டேன் என்றுவிட்டார். வாசல்வரை வந்து, தோளில் கைபோட்டு, காரணத்தையும் சொன்னார்:

"உறுப்பினர்னா கீழ உக்காரணும் கிராணியாரே. கீழ உக்காந்தா என் சம்பந்தி பாத்துருவாரு."

முழு ஆதரவு

ரவாங்கில் ஷர்மிளா என்று ஒரு பெண், கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. அவள் தாத்தா எங்கள் தோட்டத்தில் பால் வெட்டியவர் என்று சொன்னதும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நான் தே ஓ குடித்து முடிப்பதற்குள் ஒரு வாட்சாப் குழு ஆரம்பித்து, சங்கத்துக்கு லோகோ வரைந்து, "அங்கிள், திஸ் இஸ் அவர் ஹெரிட்டேஜ்!" என்று குழுவில் போட்டு, அவளே அதற்கு ஆறு இதயமும் போட்டாள்.

சம்மதப் படிவத்தை நீட்டினேன். பேனாவை வாங்கினாள். 'மாதம் ஒரு கூட்டம், நேரில் வரவேண்டும்' என்ற வரியில் பேனா நின்றது. ரவாங்கிலிருந்து எவ்வளவு நேரம் என்று கைப்பேசியைக் கேட்டாள். அதுவும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் சொல்லித் தொலைத்தது. அந்தக் கைப்பேசியை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

"எமோஷனலி நான் உங்களோடதான் அங்கிள். ஃபிசிக்கலி மட்டும் வர முடியாது லா."

நெல் சம்மதித்தால்

சுங்கை புரோங் பாக் லீமான் மலாய்க்காரர், நெல் விவசாயி. சின்ன வயதில் எங்கள் தோட்டத்துக் கடைப் பக்கம் வளர்ந்தவர்; அவர் தமிழ் என் மருமகன் தமிழைவிடச் சுத்தம். "கையெழுத்துத்தானே, கொண்டா" என்று வரப்பில் வைத்தே போட்டுக் கொடுத்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. பக்கத்தில் நின்ற கொக்கு ஒன்று என்னைப் பார்த்து, தேற்றுகிற மாதிரித் தலையை ஆட்டியது. சத்தியம் செய்திருக்கிறேன், ஞாபகம் இருக்கட்டும்.

அப்புறம்தான் நிபந்தனை வந்தது. விதைக்கிற வாரம் வர மாட்டார். தண்ணீர் திறக்கிற வாரம் வர மாட்டார். எலி வருகிற மாதம், அறுப்பு மெஷின் வருகிற மாதம், நோன்பு மாதம், பேரப்பிள்ளைகள் வருகிற பள்ளி விடுமுறை எதிலும் வர மாட்டார். நாள்காட்டியில் ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே போனேன். வருஷத்துக்கு இரண்டு செவ்வாய்க்கிழமை மிஞ்சியது. "மாசம் ஒரு கூட்டம்னு சட்டவிதி இருக்கே பாக்" என்றேன்.

"அந்த விதியை நெல்லுகிட்ட வாசிச்சுக் காட்டு கிராணி. அது ஒத்துக்கிட்டா நானும் ஒத்துக்கிறேன்."

எடுத்துக்கொண்டு போங்கள்

உலு யாம் சவரிமுத்து சார் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். மாதா கோயில் ஹாலில் இருக்கும் பழைய பாடப் புத்தகங்களுக்கு அவர்தான் காவல். நான் விஷயத்தைச் சொன்னதும் அடுப்படிப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "வீட்ல ஒத்துக்க மாட்டாங்களே கிராணி. எனக்கும் ஆசைதான்..." என்று இழுத்தார். தப்பிக்கிறவன் சொல்லுகிற வார்த்தை அது. முப்பது வருஷம், விடிகாலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் கேட்ட எனக்குத் தெரியாதா?

சாரின் வீட்டு அம்மா கரண்டியோடு வெளியே வந்தார். ஓய்வுபெற்ற நாள் முதல் சார் வீட்டிலேயே உட்கார்ந்துகொண்டு, ரசத்துக்கு எத்தனை மிளகு என்று எண்ணிச் சொல்கிறாராம். அம்மாவே படிவத்தை வாங்கி, பேனாவைச் சார் கையில் திணித்து, கையெழுத்து முடியும்வரை தலைக்குமேலேயே நின்றார்.

"கண்ணாடிப் பெட்டி ஏதாச்சும் காலியா இருந்தா இவரையும் அதுல வச்சிருங்க கிராணி ஐயா. திருப்பிக் கொண்டாராதீங்க."

அளவு நாடா

பாகான் நக்கோடா ஓமாரில் மீன்பிடிக்கும் அண்ணன் தம்பி இருவரை அவர்கள் படகிலேயே ஏறிப் போய்ப் பிடித்தேன். நடுக்கடலில் ஓடுவதற்கு இடமில்லை, கையெழுத்துப் போட்டார்கள். ஆக ஐந்து பேர். இன்னும் நான்கு பேர் வேண்டும். கூட்டத்துக்கு இரண்டே நாள்.

அந்த வெள்ளிக்கிழமை கம்பெனியின் இளம் மேனேஜர் ஆஸ்பத்திரிக்கு வந்தார். நல்ல பையன், மரியாதையானவன். கையில் அளவு நாடா. "தப்பா நினைக்காதீங்க ஆண்ட்டி, உர மூட்டை எத்தனை அடுக்கலாம்னு கேட்டிருக்காங்க. ஞாயித்துக்கிழமை குழு அமைஞ்சிட்டா நான் இந்தப் பேப்பரையே கிழிச்சிருவேன்" என்றார். பிரசவக் கட்டிலைத் துடைத்துக்கொண்டிருந்த ரோசம்மா துடைத்துக்கொண்டே இருந்தார். துணி ஒரே இடத்தில் போய்ப் போய் வந்தது. மேனேஜர் நாடாவை இழுத்துக்கொண்டு உள்ளே காலெடுத்து வைத்தபோதுதான் நிமிர்ந்தார்.

"அளந்துக்கங்க தம்பி. சப்பாத்தை மட்டும் வெளிய விட்டுட்டு வாங்க. ஞாயித்துக்கிழமை வரைக்கும் இது ஆஸ்பத்திரி."

பெரட்டு

ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரி வராந்தாவில் ஆண்டுக் கூட்டம். பிரியாணி உண்டு என்று நான் பரப்பிய செய்தியால் நல்ல கூட்டம், பெரும்பாலும் பழைய தோட்டத்து ஆட்கள். "குழுவில் சேர விருப்பமுள்ள நாலு பேர் கை தூக்குங்க" என்றேன். அத்தனை பேரும் தங்கள் கைகளைத் தொடைக்குக் கீழே வைத்து உட்கார்ந்துகொண்டார்கள். ஈ மொய்த்தது, ஈயைத் துரத்தக்கூட ஒருவரும் கை தூக்கவில்லை. ரோசம்மா குறிப்பேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? சட்டவிதியில், பெயரை வாசித்ததும் ஆள் வாய்விட்டு ஏற்கவேண்டும் என்று இருக்கிறது. அவ்வளவுதான் இருக்கிறது. உறுப்பினர் பதிவேட்டை எடுத்தேன். எழுந்து நின்று, விடிகாலைப் பெரட்டில் தொழிலாளர் பெயரைக் கூப்பிடுகிற அதே கிராணிக் குரலில், "பாப்பாத்தீ!" என்று ஒரு சத்தம் கொடுத்தேன். "இருக்கேன்யா!" என்று எழுந்து நின்றேவிட்டார் அந்த அம்மா. "வீராசாமீ!" "இருக்கேன்யா!" "சின்னையா!" "இருக்கேன்யா!" "காளிமுத்தூ!" பின்வரிசையிலிருந்து கரகரவென்று, "இருக்கேன்யா!" ரோசம்மா நான்கு பெயரையும் எழுதினார். ஒன்பது பேர். மேனேஜர் தம்பி பேப்பரைக் கிழித்துப் பையில் போட்டுக்கொண்டார்.

பிரியாணித் தட்டோடு சின்னையா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பால்வெட்டில் இருந்த மனிதர், பொய் தெரியாதவர். மெதுவாக, "கிராணியாரே, காளிமுத்து தன் மகன் வீட்டுக்குப் போனான்ல, அங்கயே போன வருசம் செத்துட்டான்" என்றார். எனக்குப் புரையேறியது. "அப்புறம் குரல் கொடுத்தது யாருய்யா?" என்றேன். அவர் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். தோட்டத்தில் வேலை பார்த்தவர்களுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது. பக்கத்து லயத்துக்காரன் எழுந்திருக்க முடியாமல் கிடந்தால் குரலை மாற்றிக் கொடுத்து அவன் ஒரு நாள் பேரை, அதாவது அன்றைய சம்பளத்தை, காப்பாற்றாத மனிதர் யார்?

"நீங்க பேரைக் கூப்பிட்டீங்க, ஆளைக் காணோம். பாவம், ஒரு நாள் பேர் போயிருமேன்னு நான்தான் குடுத்துட்டேன்."

முதல் கூட்டம்

ரோசம்மா ஞாயிறுதோறும் மாதா கோயிலில் வேதம் வாசிப்பவர். ஒரு பொய் சொன்னால் மூன்று நாள் சோறு இறங்காது. விஷயம் தெரிந்ததும் சின்னையாவை நிற்கவைத்துத் திட்டினார். என்னை உட்காரவைத்துத் திட்டினார். "முதல் கூட்டத்துலயே காளிமுத்து பேரை எடுத்துட்டு வேற ஆளைப் போட்டுரணும் அண்ணே. செத்தவங்களை வச்சு இந்தக் கட்டடத்தைக் காப்பாத்த எனக்கு வேண்டாம்" என்றார். விதியும் அதற்கு இடம் கொடுக்கிறது. முதல் கூட்டத்துக்கு ஐந்து பேர் வந்தால் போதும், காலியிடத்தை நிரப்பிக்கொள்ளலாம். ஐந்து பேர் வராவிட்டால் குழு செல்லாது.

முதல் கூட்டம் வந்தது. ரோசம்மா வந்தார். பாப்பாத்தி வந்தார். சின்னையா வந்தார். சவரிமுத்து சார் துணிப்பையோடு வந்தார். வீட்டு அம்மா மாற்று உடையும் வைத்து அனுப்பியிருந்தார். பாக் லீமானுக்கு அறுப்பு. அண்ணன் தம்பி இருவரும் கடலில், இந்த முறை நான் ஏற முடியாத தூரத்தில். வீராசாமி, 'உடல்நிலை காரணமாக விலகுகிறேன்' என்று செய்தி அனுப்பினார். கூடவே கேமரன் மலையில் ஸ்ட்ராபெரி தின்கிற படம் ஒன்றும் தவறிப்போய் வந்தது. நான்கு பேர். தேர்வுக் குழு ஆசாமியான எனக்குப் பார்வையாளர் நாற்காலிதான், கணக்கில் சேராது. மேனேஜர் தம்பி வருகைப் பட்டியலை வாங்கிக்கொண்டு போக, ஜன்னலுக்கு வெளியே ஹைலக்ஸில் உட்கார்ந்திருந்தார். புது அளவு நாடா டேஷ்போர்டில் தெரிந்தது.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. காளிமுத்துவைக் குழுவிலிருந்து எடுக்க ஐந்து பேர் வேண்டும். ஐந்து பேர் ஆக வேண்டுமென்றால் காளிமுத்து வேண்டும். ரோசம்மாவுக்கும் உறைத்திருக்க வேண்டும். ஒரு மணி நேரம் காத்திருந்தோம். சாலையில் ஒரு மோட்டார் சைக்கிள்கூடத் திரும்பவில்லை. கடைசியில் அவர் பதிவேட்டைத் திறந்து ஒவ்வொரு பெயராக வாசித்தார். வந்தவர்கள் பதில் சொன்னார்கள். "காளிமுத்து" என்று வாசித்துவிட்டு நிறுத்தினார். சின்னையாவைப் பார்த்தேன். வாங்கிய திட்டு ஞாபகம். உதட்டை இறுக்கிக்கொண்டு தரையைப் பார்த்தார். சவரிமுத்து சார் கூரையைப் பார்த்தார். பாப்பாத்தி பிரசவக் கட்டிலைப் பார்த்தார். ரோசம்மா சிலுவை போட்டுக்கொண்டார். பேனாவை எடுத்தார். ஏட்டிலிருந்து கண்ணை எடுக்காமல், ஜன்னலுக்கு வெளியே கேட்கிற அளவுக்கு, தொண்டையைக் கரகரப்பாக்கிக்கொண்டு அவரே சொன்னார்:

"இருக்கேன்யா."

வந்ததாக ஏட்டில் எழுதியாகிவிட்ட ஆளை, செத்தவர் என்று எப்படி எடுப்பது? ஆக, எங்கள் நிர்வாகக் குழுவில் கூட்டம் தவறாமல் வருபவரும், எந்த நாற்காலி என்று கேட்காதவரும், ராஜினாமா செய்யவே முடியாதவரும் காளிமுத்து ஒருவர்தான், அவர் தயவில்தான் ஆஸ்பத்திரி இன்னும் நிற்கிறது. படித்த புண்ணியவான்களே, இதை யாரிடம் வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளுங்கள், சொன்னது கிராணி என்று மட்டும் மூச்சு விட்டுவிடாதீர்கள், அடுத்த தேர்தலுக்கு ஆள் கேட்டு நான் உங்கள் வீட்டுக்கும் வரவேண்டியிருக்கிறது.