ஐஸ் பெட்டிக்குள் ஒரு மார்கழி

வாப்பா அனுப்பிய வீடியோ வந்தபோது நான் ராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டில் முட்டை பப்ஸ் தின்றுகொண்டிருந்தேன். வளைகுடாவில் அவர் ஏசி மெக்கானிக். யாரோ ஒரு பணக்காரர் பாம்புகளுக்கென்றே கட்டிய அறையில் ஏசி பழுதாகி, அதைச் சரிசெய்யப் போயிருக்கிறார். கண்ணாடிக்குப் பின்னால் ஒரு அமெரிக்கக் கிலுகிலுப்பைப் பாம்பு வாலைத் தூக்கி ஆட்டிக்கொண்டிருந்தது. "பாத்தியாம்மா, பாம்புக்கு ஏசி. ஊருக்கு வந்தா உங்க உம்மா எனக்கு ஃபேனையே நிப்பாட்டுறா" என்று பின்னால் வாப்பாவின் குரல்.

என்னைப் பிடித்துக்கொண்டது அந்த வாலின் சத்தம். கிட்டத்தட்ட அதே சத்தத்தை எங்கள் கல்லூரிச் சுவரோரம் கேட்டிருக்கிறேன். செங்கல் குவியலில் கிடந்த ஒரு சுருட்டை விரியன், உடம்பை மடித்துச் செதிலோடு செதிலை உரசி, காய்ந்த சட்டியில் தண்ணீர் தெளித்தது போல இரைந்தது. ஆள் கூடி அடித்துக் கொன்றார்கள். எங்கோ இருப்பவர்கள் அவர்கள் ஊர்ப் பாம்பைக் குட்டி போட வைத்து, அதன் பேரக்குட்டி வரைக்கும் வளர்க்கிறார்கள். நம் சுருட்டையை யார் அப்படி வளர்த்தார்கள்? பப்ஸ் தீர்வதற்குள் முடிவு செய்துவிட்டேன், நான் வளர்ப்பேன் என்று.

வீட்டில் வளர்க்கச் சட்டம் விடாது. விலங்கியல் பட்டம் இருந்ததால், ஊருக்கு வெளியே கருவேலங்காட்டை ஒட்டிய ஒரு சிறிய பாம்பு ஆய்வுக் கொட்டகையில் வேலைக்குச் சேர்ந்தேன். வேறு பக்கத்துப் பாம்பின் விஷத்தில் செய்த மருந்து இந்தப் பக்கத்துக் கடிக்கு எவ்வளவு கேட்கும் என்பது அங்கே ஆய்வு. அதற்குப் பாம்புகளைக் காட்டிலிருந்து பிடித்துக்கொண்டே இருக்க முடியாது. ஆறு சுருட்டைகளுக்கு ஓராண்டு அனுமதி கிடைத்திருந்தது. பொறுப்பாளர் முதல் நாளே சொல்லிவிட்டார்: "வருஷம் முடியிறதுக்குள்ள குட்டியோ, ஒரு சினைப் பாம்போ காட்டணும். இல்லேன்னா ஆறையும் காட்ல விட்டுட்டு நீயும் கிளம்ப வேண்டியதுதான்."

எங்கள் கீழக்கரையில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். உம்மா அதையே எடுத்து வீசினாள். "வீட்டை உன் பேருக்குத்தான் எழுதுறோம், பாம்பு பேருக்கு இல்ல. ஒண்ணு வாசப்படி தாண்டுச்சு, அடுத்த பிளைட்டுல நான் உன் வாப்பாக்கிட்ட போயிருவேன்."

தாண்டவில்லை. குட்டியும் வரவில்லை. ஆணைப் பெண்ணின் பெட்டியில் விட்டால், சொத்துத் தகராறில் பேச்சை நிறுத்திய உறவுக்காரர்கள் மாதிரி ஆளுக்கொரு மூலையில் கிடந்தன. வேறு ஆண், வேறு பெண், வேறு பெட்டி. ஆறு மாதம் போய்விட்டது. எனக்கு எரிச்சல் தலைக்கேறியது.

கிலுகிலுப்பைப் பாம்பு வளர்ப்பவர்களின் வீடியோக்களில் ஒரு வழி இருந்தது. பாம்பைச் சில வாரம் குளிரில் வைத்து, பிறகு சூடேற்றினால் இணை சேரும். அந்த வீடியோக்களை நான் ஒன்றரை மடங்கு வேகத்தில் பார்த்தேன். எல்லாவற்றையும் அப்படித்தான் பார்ப்பேன்.

கொட்டகையில் ஏசி கிடையாது. எனவே மீன் ஏற்றும் தெர்மாகோல் பெட்டி ஒன்றை வாங்கி, கீழக்கரை ஐஸ் கம்பெனியில் நிரப்பிக்கொண்டு பஸ் ஏறினேன். கண்டக்டர் மூக்கைச் சுருக்கினார்.

"என்னம்மா, மீனா?"

"ஐஸு மட்டுந்தாண்ணே."

"மீன் இல்லாம ஐஸை மட்டும் எங்கன கொண்டு போற? கல்யாணமா?"

பொறுப்பாளர் மதுரைக்குப் போயிருந்த வாரம் அது. பெரிய பெட்டிக்குள் ஐஸ், அதன் மேல் பலகை, பலகை மேல் நாலாம் நம்பர்ப் பெண் சுருட்டை இருந்த சின்னப் பெட்டி. ஆறிலும் நன்றாகத் தின்று தேறியது அதுதான். முந்தின நாள்தான் ஒரு சுண்டெலி விழுங்கியிருந்தது.

மறுநாள் காலையில் எலி வெளியே கிடந்தது, வெளுத்து, பாதி செரித்து. பாம்பு வாயைத் திறந்து மூச்சு வாங்கியது. உடனே ஐஸ் பெட்டியிலிருந்து வெளியே எடுத்தேன். அதற்குப் பிறகு அது எதையும் தின்னவில்லை. மூன்றாவது வாரம் கொக்கியால் தூக்கினேன். கயிறு போலத் தொங்கியது.

அந்த வீடியோவை மறுபடி, சாதாரண வேகத்தில் பார்த்தேன். குளிரில் வைப்பதற்குப் பல நாள் முன்பே இரையை நிறுத்த வேண்டும் என்று அந்த ஆள் நிதானமாக, இரண்டு தடவை சொல்கிறார்.

என்னோடு வேலை பார்க்கும் அண்ணன் முதுகுளத்தூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பம். என்னை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார், மரியாதையாக அல்ல. "ஐஸுல வச்சா செத்த மீனு கெடாம இருக்கும் டீச்சர். உசுரோட இருக்கறதை எதுக்கு வச்சீக? நம்மூரு மார்கழில நானே வெறும் மேலோட படுத்துக் கெடக்கேன். அதுக்கு எந்தூருக் குளிரைக் குடுத்தீக?"

"சரி, நம்மூர்க் குளிர் எவ்வளவுண்ணே? சுருட்டை படுத்திருக்கிற கல்லுக்கடில எத்தனை டிகிரி?"

"அது எனக்கு எப்படித் தெரியும்? நான் என்ன கல்லுக்கடிலயா குடித்தனம் நடத்துறேன்?"

அவருக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. பொறுப்பாளரின் அலமாரியில் இருந்த எந்த அறிக்கையிலும் இல்லை. கோபத்தில் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்துவிட்டேன். வேறொரு கண்டத்தின் குளிரை மீன் பெட்டியில் தூக்கி வந்த நான், வேலிக்கு அந்தப் பக்கம் இருந்த கல்லைப் புரட்டிப் பார்க்கவில்லை.

இறந்த பாம்புக்கு அறிக்கை எழுத வேண்டும். காரணம் என்ற கட்டத்தில் நின்றேன். "நோயின்னு எழுதிட்டுப் போங்க" என்றார் அண்ணன். இரை தின்ற மறுநாள் நான் குளிரில் வைத்தேன் என்று எழுதினேன். பொறுப்பாளர் அதை இரண்டு முறை படித்தார். வேலை போயிற்று என்று நினைத்தேன். "அஞ்சு இருக்கு, ஆறு மாசம்கூட இல்லை. இனிமே இந்த ஐஸ் பெட்டி கேட்டுக்குள்ள வரக்கூடாது" என்று கையெழுத்துப் போட்டுத் தந்தார்.

வாப்பாவுக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினேன், இந்தத் தடவை சென்ட்டு, சாக்லேட்டு எதுவும் வேண்டாம், தானாகவே மணிக்கொரு தரம் வெப்பத்தைப் பதிந்து வைக்கிற சின்னக் கருவி மூன்று வேண்டும் என்று. ஊருக்கு வந்த பக்கத்து வீட்டுக் காக்காவிடம் (எங்கள் பக்கம் அண்ணனைக் காக்கா என்போம்) கொடுத்தனுப்பியிருக்கிறார். நேற்று வந்து சேர்ந்தது.

நாளை காலையில் ஒன்று கல் குவியலுக்கு அடியில், ஒன்று கருவேல வேரடியில், ஒன்று கொட்டகைக்குள். மழை பிடித்ததிலிருந்து மார்கழி முடியும் வரை வெளியே வெப்பம் எவ்வளவு இறங்குகிறதோ, ஜன்னலைத் திறந்து வைத்து அவ்வளவுதான் பெட்டியிலும் இறக்குவேன். வெளியே ஏறத் தொடங்குகிற வாரம் இரண்டாம் நம்பர் ஆணை ஐந்தாம் நம்பர்ப் பெண்ணின் பெட்டியில் விடுவேன். அதுவரை தொடாமல் இருக்க வேண்டும்.